கழுதைக் கடை

கொடைக்கானல் பஸ்ஸுக்கு நேரமிருப்பதால் பழனிக் கடைவீதியில் நடக்கிறேன். போன வாரத் தீயில் எரிந்த கடைகளெல்லாம் இப்போது ஒரே மாதிரியான கீற்றுக் கொட்டகைகளில் இருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு வரும் வாடிக்கைக்காரர்கள் தங்கள் கடையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? இந்தத் திருவிழாவை விட்டால் வருஷப் பிழைப்பே போச்சு. அதனால் நாடகத் திரை எழுதும் ஓவியரைப் பலகை எழுத அமர்த்தியிருக்கிறார்கள் வியாபாரிகள். அவருடைய நாடகக் கொட்டகையும் அதே தீயில்தான் போனதாம்.

தகர டப்பா விற்கும் பாய்க்கு அவர் எழுதியிருப்பது ராஜா ஏறுகிற குதிரை. பாய் முகம் தெளியவில்லை.

"குதிரை அருமைண்ணே. ஆனா பழைய பலகைக் குதிரை கழுதையாட்டம் இருக்கும், அதப் பாத்துட்டு சனங்க கழுதைக் கடைன்னுதான் தேடி வரும். இதைப் பாத்தா வேற கடைன்னு போயிருமே!"

"அரண்மனை எழுதுன கைங்க பாய் இது. கழுதையா எழுதச் சொல்றீங்க?"

"காரியம் ஆகணும்னா கழுதை காலையும் பிடிம்பாங்க. நீங்க காதை மட்டும் பிடிச்சு நீட்டுங்கண்ணே."

ஓவியர் சிரித்துவிட்டு ஏணியில் ஏறுகிறார். ஒரு காது நீண்டதுமே, தலைச்சுமையோடு போகிற பெண் ஒருத்தி நின்று பின்னால் வருகிறவர்களைக் கூப்பிடுகிறாள்.

"ஏலே, கழுதைக் கடை இங்கன இருக்கு, வெரசா வாங்க!"

ஓவியர் அடுத்த காதை இன்னும் நீளமாக எழுதுகிறார்.