படமா, சத்தமா?

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த விவகாரத்தில் கோளாறு முழுவதும் என் கோபத்தால் வந்தது. டி.வி. டவர் மேல் தப்பில்லை.

இரண்டாயிரங்களின் பின்பாதியில் ஒரு கோடையில் எங்கள் வீட்டு மாடியில் டிஷ் மாட்டினோம். அதுவரை கேபிள்தான் இருந்தது. மாட்ட வந்தவர் எல்லாமே டிஜிட்டல் என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். "வந்தா கண்ணாடி மாதிரி வரும். வரலன்னா ஒண்ணுமே வராது" என்றார். அவர் சொன்னது சத்தியம் என்பதை ஐப்பசி மழையில் தெரிந்துகொண்டேன். செய்தி வாசிக்கிறவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு ஆளே இல்லாமல் போய்விடும்.

டிஷ் வந்த அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுப் பாயிடம் சண்டை போட்டேன். பாய் தையல்கடை வைத்திருந்தார். எங்கள் தெருவில் மிச்சமிருந்த ஒரே ஆண்டெனா அவருடையது. நெட்டையான இரும்புக் குழாயை மொட்டை மாடியில் நட்டு, ஆடாமல் இருக்க மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். அதில் மூன்றாவது கம்பி எங்கள் மாடிச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டியிருக்கும். என் மாமனார் உயிரோடு இருந்தபோது கொடுத்த அனுமதி அது. துணி காயப்போடும்போதெல்லாம் அந்தக் கம்பிக்குக் குனிந்து நிமிர வேண்டும். அன்றைக்கு நிமிர்ந்தது கொஞ்சம் முன்னதாகிவிட்டது. நெற்றியில் கம்பி பட்ட கோட்டோடு சுவரோரம் போய் நின்றேன்.

"பாய், உங்க கம்பிய உங்க வீட்டுலயே கட்டிக்குங்க."

"ரெண்டு கம்பில நிக்காதும்மா. கடல் காத்துக்கு ஆடும்."

"ஆடட்டுமே. இந்தக் காலத்துல யாரு பாய் ஆண்டெனா வெச்சிருக்காங்க?"

அவர் எங்கள் மாடிக்கு வந்து கம்பியை அவிழ்த்து, வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார். படி இறங்கும்போது எங்கள் டிஷ்ஷை ஒரு பார்வை பார்த்தார். "எங்க டவரு கண்ணுக்குத் தெரியுது. நானும் அத்தப் பாக்கறேன், அதுவும் என்னைப் பாக்குது. உங்களுது எங்க இருக்குதோ" என்றார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பகை என்று சொல்ல முடியாது. கறிவேப்பிலை கேட்பது மட்டும் நின்றுபோனது.

இனி என் மாமியார். அவருக்குப் பெரிய மார்க்கெட்டில் கீரைக்கடை. விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பிப் போய், கிராமத்திலிருந்து வரும் கட்டுகளைப் பிரித்து அடுக்கி, மத்தியானத்துக்குள் விற்றுவிட்டு வருவார். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஒரே வீட்டில் ஐந்து வருடம் இருந்தும் நாங்கள் நேருக்கு நேர் பேசியது குறைவு. சண்டை கிடையாது, அதற்கும் பேச வேண்டுமே. எதுவானாலும் என் கணவர் வழியாகப் போகும். "சோறு ஆயிடுச்சான்னு கேளு" என்பார், நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். நான் ஆய்ந்து வைத்த கீரையை எடுத்து இன்னொரு முறை ஆய்வார். அப்போதும் ஒன்றும் சொல்லமாட்டார். இரவு படுக்கும் முன் அவருக்கு டீ போட்டு பிளாஸ்கில் ஊற்றி வைப்பேன். நான் எழுந்திருக்கும்போது பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்திருக்கும். எங்களுக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான்.

இப்படி இருக்கையில் டி.வி.க்காரர்கள் மார்க்கெட்டுக்கு வந்தார்கள். உள்ளூர் டவரிலிருந்து சாயங்காலத்தில் அரைமணி நேரம் ஊர் நிகழ்ச்சிகள் போடுவார்கள். அதற்காக மார்க்கெட்டில் கடை போடும் பெண்களைப் படம்பிடித்தார்கள். என் மாமியாரையும் பிடித்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து இதைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்குச் சொன்னது அவர் கடைக்குப் பக்கத்துக் கடை எலுமிச்சம்பழக்காரர். பழம் வாங்கப் போனபோது, "உம் மாமியா உன்னைப் பத்திப் பேசினத கேமராவுல புடிச்சிக்கினு போயிருக்காங்க" என்றார். என்ன பேசினார் என்று கேட்டேன். எலுமிச்சம்பழக்காரர் சிரித்தார். "டி.வி.ல வரும், பாத்துக்க" என்றார்.

எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து வருடமாக என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாதவர் ஊருக்கே சொல்லியிருக்கிறார். என் கோபத்தைச் சொல்லியிருப்பார், கீரையைச் சொல்லியிருப்பார். நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது, அதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கணவரை விட்டுக் கேட்கச் சொன்னேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்று பதில் வந்தது.

நிகழ்ச்சி வரும் நாளுக்கு முந்தின நாள் டிஷ்ஷில் அந்தச் சேனலைத் தேடினோம். சென்னை வந்தது, டெல்லி வந்தது. மாட்டியவருக்குப் போன் போட்டோம்.

"அது இதுல வராது சார். சென்னையிலேருந்து மேல போயி கீழ வர்றதுதான் நம்ம டிஷ்ல வரும். உள்ளூர் டவர்ல மட்டும் போடறது ஆண்டெனாவுலதான் வரும்."

தெருமுனைக் கேபிள்காரரும் கேபிளில் வராது என்றார். மறு ஒளிபரப்பும் கிடையாது. கணவர் என்னைப் பார்த்தார். "நீதான கம்பிய அவுக்கச் சொன்ன, நீயே போய்க் கேளு" என்றார். நியாயம்தான். அதனாலேயே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பாயின் வாசலில் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மனைவி பாயம்மா வெளியே வந்து, "கீரைக்கார அம்மா டி.வி.ல வருதா? கூட்டிக்கினு வாம்மா" என்றார். அன்றைய சண்டையையோ அந்தக் கம்பியையோ அவர்கள் பேச்சில் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பாய் மட்டும் தயங்கினார். "வந்து பாருங்க, அதுல ஒண்ணுமில்ல. ஆனா அது ஆடி ஆடி ஒரு பக்கமா திரும்பிடுச்சி. மேல ஒரு குச்சியும் கழண்டு தொங்குது. படம் வந்தா சத்தம் வரல, சத்தம் வந்தா படம் வரல. நாங்க செய்தி மட்டும் கேட்டுக்கறோம்."

ஏன் ஆடியது என்று அவர் சொல்லவில்லை. பிறகு அவர் உள்ளே போய், அதே கம்பியை அதே வளையமாக எடுத்து வந்து, எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

ஐந்தே முக்காலுக்கு ஏற்பாடு இப்படி இருந்தது. என் கணவர் எங்கள் மாடியில் கொக்கியில் கம்பியைக் கட்டி இழுத்துப் பிடித்திருந்தார். பாய் தன் மாடியில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். நான் பாய் வீட்டு மாடிப்படியின் அடியில், டி.வி.யும் தெரிகிற மாதிரி, மேலேயும் குரல் கேட்கிற மாதிரி நின்றேன். உள்ளே டி.வி.க்கு நேராக என் மாமியார் பாயம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பார்க்கிறவருக்கு எதற்குப் பட்டு என்று நான் கேட்கவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. திரை முழுக்கப் படமே இல்லாமல் புள்ளி புள்ளியாகக் கொசு பறந்தது. சத்தம் மட்டும் நன்றாக வந்தது. மார்க்கெட்டின் இரைச்சல், யாரோ ஒரு பெண் மீன் விலை சொல்வது, எல்லாம் தெளிவாகக் கேட்டது. எனக்கு அது போதும்.

"தெரியுதா?" என்று மேலிருந்து பாய் கத்தினார்.

"ஒண்ணும் தெரியல பாய், திருப்புங்க" என்றார் என் மாமியார், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பாய் திருப்பினார். கொசு அடங்கியது. மார்க்கெட்டின் ஓடு தெரிந்தது, கீரைக்கட்டுகள் தெரிந்தன. சத்தம் போய்விட்டது. பாய் இன்னும் கொஞ்சம் திருப்பினார். சத்தம் வந்தது, கொசுவும் வந்தது. அந்தக் கொசுவுக்குள்ளிருந்து ஒரு குரல், "இப்ப கீரைக்கடை அம்மாகிட்டப் பேசலாம்" என்றது.

"கை வலிக்குதும்மா!" என்று பாய் கத்தினார். "ரெண்டும் சேந்து வராது. படமா சத்தமா, ஒண்ணு சொல்லு, அப்படியே புடிச்சிக்கறேன்!"

கேள்வி என்னிடம்தான் வந்தது. சத்தம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் வேண்டாத சாமி இல்லை, எல்லாம் அந்தச் சத்தத்துக்காகத்தான். உள்ளே பார்த்தேன். என் மாமியார் கொசுவுக்குள் தன் முகம் எங்கே இருக்கிறது என்று கழுத்தை நீட்டித் தேடிக்கொண்டிருந்தார். பட்டு முந்தானையை இழுத்துத் தோளைச் சரிசெய்துகொண்டார். அவர் என்னிடம் திரும்பி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம்தான் இல்லையே.

"படம்!" என்று கத்தினேன். எனக்கே எரிச்சலாக வந்தது.

படம் வந்தது. கீரைக்கட்டுகளுக்கு நடுவில் அவர் பழைய கட்டம்போட்ட புடவையில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. பாயம்மா, "அட, நல்லா இருக்கீங்கம்மா" என்றார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகைதான், அதை நான் அறிவேன்.

அப்போது என் மாமியார் டி.வி.யைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார். திரையில் வாய் அசைய அசைய இங்கே சத்தம் வந்தது.

"முப்பது வருசமா கட போடறேன். வூட்டுல மவன், மருமவ. மருமவளுக்கு ஆபீசுல வேல. கோவம் மூக்கு மேல நிக்கும். கீர ஆயத் தெரியாது, பாதி தண்டோட வெச்சிடும்."

இதைத்தான் எதிர்பார்த்தேன். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"நான் கருக்கல்ல கெளம்பறவ. ஃபிளாஸ்க்குல டீ இருக்கும். ஒரு நாளு கூட இல்லாம இருந்ததில்ல. அதுக்குக் காய்ச்சல் அடிச்ச அன்னிக்குக் கூட இருந்தது. சக்கர தான் ரொம்ப. வாயில வெக்க முடியாது. அஞ்சு வருசமா சொல்லல. சொன்னா கோச்சிக்கினு போடறத நிறுத்திடுமோன்னு பயம்."

இங்கே அவர் நிறுத்திவிட்டார். திரையில் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே அசைந்தது. ஒரு இடத்தில் அவர் சிரித்தார், பக்கத்தில் எலுமிச்சம்பழக்காரரும் சிரித்தார். பிறகு வேறு யாரோ பூ கட்டினார்கள்.

"மீதி இன்னா அத்த?" என்று கேட்டேன். அந்த ஐந்து வருடத்தில் நான் அவரை நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"மீதி இன்னா மீதி. கீர வெலதான்" என்றார், டி.வி.யைப் பார்த்தபடியே.

கேமராவிடம் சொன்னதைத்தான் எங்களிடமும் சொன்னாரா, நான் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாற்றிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எலுமிச்சம்பழக்காரரைக் கேட்டால் மறுபடியும் சிரித்ததோடு சரி. தெருவில் யாரையும் கேட்கவும் முடியவில்லை. எல்லோரும் டிஷ்ஷுக்கும் கேபிளுக்கும் மாறியிருந்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை.

"விடலாமா?" என்று மேலிருந்து பாய் கத்தினார். "விடாதீங்க பாய், கம்பி அங்கயே இருக்கட்டும்" என்று கத்தினேன். அது அங்கேயே இருந்தது. துணி காயப்போடும்போது குனிந்து நிமிரப் பழகிக்கொண்டேன்.

அன்று இரவு டீ போடும்போது ஒரு கரண்டி சர்க்கரையைக் குறைத்தேன். மறுநாள் எழுந்தபோது வழக்கம்போல பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்திருந்தது. மத்தியானம் மார்க்கெட்டிலிருந்து வந்தவர் கீரைக்கட்டை என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, வூட்டுல சக்கர தீந்துபோச்சா?"