வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கட்டம்

1. தண்டாயுதம் சம்சாரம்

புதுக்கோட்டை சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில வருஷங்கள் கழித்து, விராலிமலைப் பக்கம் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தேன். முதல் நாளே கர்ப்பிணிகளின் ஓ.பி. ரிஜிஸ்டரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதில் வீட்டுக்காரர் பெயருக்கு ஒரு கட்டம். வந்தவர்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

கை கால் வீங்கிய ஒரு பெண் மட்டும் சற்று இறங்கி வந்தாள்.

"மலைமேல முருகன் கையில வச்சிருக்குமே, அதுதாங்க அவுக பேரு."

நான் ஆவூர் வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். ரொம்ப யோசித்து, தண்டாயுதம் என்று எழுதினேன்.

டாக்டரம்மா அவள் யூரினைச் சோதித்துவிட்டுப் பதறினார். "உடனே அட்மிட் பண்ணணும். விட்டா ஜன்னி கண்டு தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும்."

பியூன் "தண்டாயுதம் சம்சாரம்" என்று மூன்று முறை கூவினார். யாரும் எழுந்திருக்கவில்லை. தன்னைக் கூப்பிடவே இல்லை என்று அவள் வீட்டுக்கு நடையைக் கட்டியிருந்தாள்.

2. கருப்பாயியின் நிபந்தனை

வெயிலில் ஊர் ஊராகத் தண்டாயுதத்தைத் தேடினேன். வழியில் கருப்பாயி எதிர்ப்பட்டார். அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். தன் பிழைப்பைக் கெடுக்க வந்தது என்று ஆஸ்பத்திரிமேல் அவருக்குக் கோபம். இருந்தாலும் அவரிடம் அடையாளம் சொல்லி விசாரித்தேன்.

"கையி காலு வீங்குன புள்ளையா? அது வேலு பொண்டாட்டியாச்சே. இங்கிட்டு வாங்க."

இருவருமாக அவளை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் கருப்பாயி நின்றுவிட்டார்.

"நானும் உள்ள வருவேன். கையக் கழுவச் சொன்னா கழுவுறேன். என்னைய வெளிய நிக்கச் சொன்னா இந்தப் புள்ளையும் வெளியதான் நிக்கும்."

டாக்டரம்மா அவரை முறைத்துப் பார்த்துவிட்டு சோப்பை நீட்டினார். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று நான் அழுதேன்.

அடுத்த வாரமே என் மேஜையருகில் கருப்பாயிக்கு ஒரு ஸ்டூல் வந்தது. பெண்கள் தலைகுனிந்து நிற்க, அவர் புருஷன்மார் பெயர்களைப் பட்டப்பெயரோடு கடகடவென்று ஒப்பிப்பார். பட்டப்பெயர்களை நான் எழுதவில்லை. அவரை நம்பி, அதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத சேரிப் பெண்களும் வரத் தொடங்கினார்கள்.

3. என் முறை

சில வருஷங்களில் நானே பிரசவத்துக்கு அங்கே சேர்ந்தேன். மேஜையில் ஒரு புது நர்ஸ்.

"வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க சிஸ்டர்."

எனக்கு நாக்கு எழவில்லை. "ஒடம்பெல்லாம் அம்பு தச்சு நிப்பாரே, அவரு பேருதான்" என்றேன்.

எங்கள் வேதத்துப் புனிதர்களை அவளுக்கு எங்கே தெரியும்? பேனாவைத் திறந்தாள். "பீஷ்மர்னு எழுதிக்கவாங்க?"

ஸ்டூலில் இருந்த கருப்பாயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செபஸ்தியான்னு எழுது தாயி. அந்தம்மா சொல்ல மாட்டாக."

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெயர் சொல்லாத பெண்மேல் எரிந்து விழாதீர்கள். பெயர் தெரிந்தவரைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடுங்கள்.