புளி போட்டுத் தேய்த்த ரிவால்வர்

ஒஸ்லோவில், குறொன்லாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பழந்துப்பாக்கி சேகரிப்பவர்களின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கிறது. ஒரு மேசையில் ஆறு பிரிட்டிஷ் ரிவால்வர்கள் இருக்கின்றன. எல்லாம் தோட்டா வருவதற்கு முந்தியவை. சுழலும் உருளையின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வெடிமருந்தையும் ஈயக்குண்டையும் கெட்டித்து, பின்னால் சின்னச் செப்புத் தொப்பி மாட்டிச் சுட்டிருக்கிறார்கள். ஐந்து ரிவால்வர்கள் காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கின்றன. ஆறாவது பளபளக்கிறது. அதைக் கையில் எடுக்கிறேன்.

"வடிவா இருக்கோ?" என்று மேசைக்காரர் யாழ்ப்பாணத் தமிழில் கேட்கிறார். ஐம்பது வயதிருக்கும்.

"புத்தம் புதுசு மாதிரி இருக்கே!"

"அதுதான் பிழை. நான் முதன்முதல் வாங்கினது இது. ஆயுத பூசைக்கு வைப்பமெண்டு மனுசியும் நானும் பழப்புளி போட்டு உரஞ்சு உரஞ்செண்டு உரஞ்சினனாங்கள். சந்தனப் பொட்டும் வைச்சம். பிறகு இஞ்சை கொண்டுவந்தா, நோர்வேக்காரர் ஒருத்தரும் தொடேல்லை. அந்தப் பழைய நிறத்துக்குத்தான் மதிப்பாம். செய்தவன்ர பேரும் மங்கிப்போச்சு."

குழாயின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறேன். எழுத்து விரலில் தட்டுப்படவில்லை. மதுரையில் என்றால் நானும் இதையேதான் செய்திருப்பேன்.

"அது சரி, நான் தமிழ்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? இந்த ஊர்ல எல்லாரும் பாகிஸ்தானான்னுதான் கேட்கிறாங்க."

அவர் மற்ற ஐந்தையும் கையால் காட்டுகிறார்.

"இவ்வளவும் கிடக்க, நேரா அதைத்தானே எடுத்தனீங்கள்."