முட்டை இல்லாத கேக் எது?

முட்டை இல்லாத கேக் வேண்டும் என்று நான் சொன்னதும், நெய்வேலி பேக்கரிக்காரர் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, முட்ட இல்லாம கேக்கா? அதுக்கு நீங்க வூட்லயே இட்லி அவிச்சிக்கலாமே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினோரு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு விருத்தாசலத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்தவள் நான். குழந்தை என் தோளில் கக்கிய பால் இன்னும் காயவில்லை.

"இட்லி அவிக்க எனக்குத் தெரியுங்க. முட்ட இல்லாம கேக்கு போட ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதச் சொல்லுங்க."

பேக்கரிக்காரர் என்னை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்துச் சிரித்தது. எப்போதும் இப்படித்தான், நான் சண்டை போடும் இடத்தில் எல்லாம் அது சிரித்து வைக்கும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மொதல்ல ஒக்காருங்க, யாருக்கு என்னா ஆவாதுன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றார்.

ஒவ்வொன்றாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. எழுபதுகளின் நடுவில் எங்கள் ஊரில் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதே புதுசு. அதிலும் எங்கள் வீட்டுக்கு வரும் ஆட்களைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தலை சுற்றும்.

என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் கிளேஸ் பிரிவில் இருந்தார். கோப்பைகளுக்கும் தட்டுகளுக்கும் மேலே பளபளப்புப் பூச்சு போடும் வேலை. நான் அதே கம்பெனி ஆபீஸில் டைப்பிஸ்ட். அவர் கிறிஸ்தவர். நாங்கள் திட்டக்குடிப் பக்கம், சுத்த சைவம். முட்டையின் ஓடு வாசலில் கிடந்தால் தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற வீடு. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. வராமல் இருந்துவிட்டார். மூன்று வருஷம். திட்டக்குடி என்ன சீமையிலா இருக்கிறது? பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்.

அப்படிப்பட்டவர் ஒரு கார்டு போட்டிருந்தார். குழந்தையின் பிறந்தநாளுக்குச் சாயங்காலம் வருவதாகவும், கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவதாகவும் இரண்டே வரி. அதைப் படித்த நிமிஷத்திலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அப்பா என் வீட்டில் ஒரு வாய் எதையாவது சாப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அன்றைக்கே உட்கார்ந்து நாலு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். நீங்கள் எதற்கும் சங்கடப்பட வேண்டாம், என் அடுப்பில் எதுவும் செய்யப் போவதில்லை, காபி சைவ ஓட்டலிலிருந்து வரும், தம்ளர்கூடப் புதுசு, கேக்கில் முட்டை இருக்காது. முட்டை இல்லாத கேக் என்று ஒன்று உலகத்தில் உண்டா என்றே எனக்கு அப்போது தெரியாது. எழுதிவிட்டேன்.

அடுத்தது என் மாமியார். அவருக்குச் சர்க்கரை வியாதி. காலை, மாலை மாத்திரை. ஆனால் கேக் என்ற பேச்சை எடுத்தாலே முகம் மலர்ந்துவிடும். "முட்ட போடாத கேக்க நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார். தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே அத்தை என்றால், "தொடறது வேற, திங்கறது வேற" என்பார். மூன்றாவது, என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த மங்கலம்பேட்டை பாய். எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். அவரும் அவர் வீட்டம்மாவும் வராமல் எங்கள் வீட்டில் எந்த விசேஷமும் இல்லை.

"பாயிக்கு முட்டையில பிரச்சன இல்லம்மா. ஆனா பிளம் கேக்கு ஆவாது. அதுல திராட்சைய பிராந்தியில ஊறப் போடறோம்" என்றார் பேக்கரிக்காரர். நான் பிளம் கேக்கைத்தான் மனசில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். நல்லவேளை கேட்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இரண்டு கேக். ஒன்று முட்டை போட்ட சாதாரண ஸ்பாஞ்ச், எல்லாருக்கும். இன்னொன்று தயிரும் பாலும் சோடா உப்பும் போட்டு, அப்பாவுக்கு. "இதுவரைக்கும் செஞ்சதில்ல. அடுத்த வாரம் வாங்க, ஒண்ணு போட்டுப் பாத்து வெக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வாரம் பொறுக்க முடிந்ததா என்னால்? நானே வீட்டில் ஒன்று போட்டுப் பார்த்தேன். சட்டியில் மணலைக் கொட்டி, உள்ளே கிண்ணத்தை வைத்து, மூடிமேல் தணலைப் போட்டு. வெளியே எடுத்தபோது அது கேக்காக இல்லை, செங்கல்லாக இருந்தது. கொல்லைப்பக்கம் எறிந்தேன். காக்கா ஒன்று வந்து அலகால் தட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "எங்க சூளையிலகூட இப்படி வேகாதும்மா" என்றார். அன்று ராத்திரி அவரோடு நான் பேசவில்லை.

பேக்கரிக்காரர் மானத்தைக் காப்பாற்றினார். அடுத்த வாரம் போனபோது மெத்தென்று ஒரு துண்டு கொடுத்தார். வாசனைக்கு எசன்ஸ் விட்டிருந்தார். முட்டை இல்லை என்று சொன்னால்தான் தெரியும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் அந்தப் பைத்தியக்கார யோசனை வந்தது. "ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கணும். ஒரே அளவு, மேல ஒரே வெள்ளப் பூச்சு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்பாவுக்கு மட்டும் ஓரமாகத் தனியாக ஒன்று, மற்றவர்களுக்கு நடுவில் அலங்காரமாக ஒன்று என்றால் அவர் என் வீட்டில் ஒதுங்கி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். எல்லாரும் சாப்பிடுவதையே அவரும் சாப்பிடுகிறார் என்று கண்ணாலாவது பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி எனக்கு.

பிறந்தநாள் அன்று காலையில் என் வீட்டுக்காரர் நெய்வேலிக்குப் போய் இரண்டையும் இரண்டு பெட்டிகளில் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்தார். இறக்கி வைத்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, எது எது?

"அதெல்லாம் குறி போட்டாச்சு. முட்ட இல்லாததுக்கு அட்டையோட அடியில பென்சில்ல வட்டம்" என்றார்.

அடியில்! கம்பெனி ஆள் வேறு எங்கே போடுவார்? பீங்கானுக்கு மேலே பூச்சு இருக்கும், அதில் குறி போட்டால் சரக்கு கெட்டுப்போகும். லாட் நம்பரோ தரமோ எதுவானாலும் அடியில்தான். எங்கள் ஊரில் ஒரு கோப்பையைக் கையில் கொடுத்தால் முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்கள். நானும் அந்தக் குறிகளை நாள் முழுக்க டைப் அடிக்கிறவள்தானே, எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் மேலே ஒரு செர்ரிப் பழத்தை வைத்துத் தொலைத்திருப்பார்கள்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் என் அப்பாவை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். நான் குழந்தையைக் குளிப்பாட்டி, கவுன் மாட்டி, வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ உள்ளே வந்தபோது மேசையைப் பார்த்தேன். இரண்டு கேக்கும் இரண்டு வெள்ளைப் பீங்கான் தட்டுகளில் இருந்தன. அட்டைகளைக் காணோம்.

"அத்தை, அட்டைங்க எங்க?"

"அதுவா? அசிங்கமா இருந்துது. வர்றவங்க என்ன நெனப்பாங்க? நல்ல தட்டுல எடுத்து வெச்சிட்டு, அத வெந்நி அடுப்புல போட்டுட்டேன்."

அவர் உதட்டோரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அட்டையில் ஒட்டியிருந்த இனிப்பை வழித்து நக்கிவிட்டு, நான் கண்டுபிடிக்காமல் இருக்க அட்டையையே எரித்துவிட்டார் மகராசி.

"இம்மாத்தூண்டுதான்டி" என்றார், நான் கேட்காமலே.

"ஐயோ அத்தை! முட்ட இல்லாதது எது?"

"எனக்கென்னாடி தெரியும்? ரெண்டும் வெள்ளையாதான இருக்குது?"

முகர்ந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரே எசன்ஸ். அடிப்பக்கம் சுரண்டி வாயில் போட்டேன். பதற்றத்தில் நாக்கே செத்துக் கிடந்தது, மண்ணைப் போட்டிருந்தாலும் தித்தித்திருக்கும். அதற்குள் பாயும் அவர் வீட்டம்மாவும் வந்துவிட்டார்கள். பாய் ஒரு துளி எடுத்து ருசி பார்த்து, "எடதுபக்கம் இருக்கறதுதான் முட்ட இல்லாதது, சந்தேகமே வேணாம் தங்கச்சி" என்றார். மாமியாரும் ருசி பார்த்துவிட்டு வலதுபக்கத்துக்குச் சத்தியம் செய்தார். இந்த விஷயத்திலாவது இரண்டு பேர் ஒத்துப்போகக் கூடாதா?

வாசலில் செருப்புச் சத்தம். அப்பா. நெற்றி நிறைய விபூதி, கையில் துணிப்பை. மெலிந்துபோயிருந்தார். "வாங்கப்பா" என்றேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். குழந்தை எந்தப் பயமும் இல்லாமல் அவர் மடியில் ஏறி மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கியது. அவர் பிடுங்கவிட்டார்.

என் வீட்டுக்காரரை அடுக்களைக்கு இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் திரும்பி வந்து என்ன செய்தார் தெரியுமா? தட்டை மெல்லத் தூக்கி அடியில் பார்த்தார். அங்கே கம்பெனி முத்திரை இருந்தது. அடுத்த தட்டையும் தூக்கிப் பார்த்தார். அதிலும் அதே முத்திரை. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

குழந்தையின் கையைப் பிடித்து இரண்டையும் வெட்டினோம். மாமியார் ஜெபம் சொன்னார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இடதுபக்கத்திலிருந்து ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து அப்பாவிடம் நீட்டினேன். பாதிக்குப் பாதி. பாய் சொன்னது சரியாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முட்டை இல்லையே என்று அவர் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் ஒருவேளை பொய் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. நான் கடிதத்தில் எழுதியிருந்தேனே, அது போதும் அவருக்கு. துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"அப்பா, சாப்புடாதீங்க!"

தட்டைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கிய வேகத்தில் துண்டு அவர் வேட்டியில் விழுந்தது. "எதுல முட்ட இருக்குதுன்னு எனக்குத் தெரியலப்பா. குறி போன எடம் தெரியல. தெரியாமத்தான் குடுத்தேன். மன்னிச்சிடுங்க" என்று கொட்டித் தீர்த்தேன். மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா வேட்டியிலிருந்து துண்டை எடுத்து மேசையில் வைத்தார். தோளில் கிடந்த துண்டால் விரல்களைத் துடைத்தார். போச்சு, எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவார், இனி எந்த ஜென்மத்திலும் வர மாட்டார் என்று நினைத்தேன். "ஓட்டல் காபி கொண்டாரேங்க" என்று என் வீட்டுக்காரர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார்.

"காபி வேணாம் தம்பி" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "மதியம் என்னா சமைச்ச?"

"ரசம். கத்திரிக்கா வதக்கல்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "ஆனா எங்க பாத்திரம்பா. முந்தாநேத்து முட்டக் கொழம்பு வெச்ச அதே அடுப்பு."

"சோறு இருக்குதா?"

"இருக்குது."

"போடு. மதியம் சாப்புடாம பஸ் ஏறிட்டேன், பசிக்குது."

கேக்கை ஒதுக்கிவிட்டு அதே மேசையில் தட்டு வைத்தேன். ஆறிப்போன சோறு, ஆறிப்போன ரசம். அவர் பிசைந்து முதல் வாயை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அப்படி ஒரு கோபம்.

"இத மொதல்லயே கேட்டிருந்தா என்னாப்பா? மூணு வாரமா நெய்வேலிக்கும் இங்கயுமா நாயா அலஞ்சேன். மூணு வருஷமா ஒரு வாய் சோறு திங்க வர மாட்டீங்களான்னு எத்தினி நாளு ஏங்கியிருப்பேன்!"

அப்பா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நீ எங்கம்மா சாப்புடக் கூப்ட? கல்யாணம்னு எழுதுன, கொழந்த பொறந்திச்சின்னு எழுதுன, சாப்புட வாங்கன்னு ஒருவாட்டி எழுதல. இப்பயும் நாலு பக்கம் எழுதியிருந்த. எது எது ஒங்க வூட்ல செய்யலன்னுதான் எழுதியிருந்த."

கரண்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். பாதி மேசையில் சிந்திவிட்டது. அவர் அதையும் ஒரு பருக்கை விடாமல் விரலால் கூட்டி எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டார்.