பெட்ரோல் போட்டுத் துடைத்த டேப்

மலேசியாவில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் எனக்கு உரம் போடுகிற வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்போம். முன்பு எங்களை வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிடுவார், நாங்கள் குரல் கொடுப்போம். இப்போது டேப், பலகை மாதிரி பெரிய போன். கண்ணாடியில் எங்கள் படமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அவரவர் படத்தை அவரவர் தொட வேண்டும். பச்சை வந்தால்தான் வேலைக்கு வந்த கணக்கு. என் படம் கீழே, வலது மூலையில்.

எல்லார் கையும் உரக் கை. கண்ணாடி பிசுபிசுத்துப் போனது. மண்டோர் புல் வெட்டுகிற மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோலைத் துணியில் நனைத்துத் தேய்த்தார். கைக் கறைக்கு நாங்கள் பெட்ரோல்தான் போடுவோம். அதே புத்தி. மேலே ஒட்டியிருந்த உரக் குருணையைக்கூட ஊதவில்லை. கரகரவென்று சத்தம்.

"மண்டோரே, கீறுது" என்றேன்.

"பெட்ரோலுக்குப் போகாத அழுக்கு இருக்கா லா?"

தினமும் அப்படியே தேய்த்தார். கண்ணாடி மங்கியது. ஓரத்தில் பெட்ரோல் உள்ளே இறங்கியிருக்கும். ஒரு நாள் என் மூலை செத்துவிட்டது. எத்தனை தடவை தொட்டும் பச்சை வரவில்லை.

"அக்கா, உங்க விரல் தேஞ்சுபோச்சு. டேப்புக்கே உங்களப் புடிக்கல" என்றார் மண்டோர். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கையால எழுதுங்க."

"டேப்புல இல்லன்னா இல்ல லா."

மூன்று நாள் உர மூட்டை தூக்கினேன். நாலாம் நாள் கடிதம் வந்தது. சொல்லாமல் மூன்று நாள் வரவில்லையாம். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடுமாம்.  

நேரே ஆபிசுக்குப் போனேன். மண்டோர் டேப்போடு பின்னாலேயே வந்தார். கணக்கு எழுதுகிற கிராணி மேசையில் கடிதத்தை வைத்தேன்.

"ஐயா, என் படத்த நீங்க தொடுங்க. உங்களுது பேனா புடிக்கிற விரல்தானே."

தொட்டார். வரவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வரவில்லை. மேல் வரிசையைத் தொட்டார், உடனே வந்தது. டேப்பை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னய்யா இது, பெட்ரோல் வாடை?"

"அழுக்குப் போகத் தொடச்சதுய்யா" என்றார் மண்டோர்.

கிராணி கடிதத்தைக் கிழித்தார். மூன்று நாளையும் என் கண் முன்னே பதிந்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"புது டேப் வரும். இனிமே நீங்களே தொடச்சி வச்சிருங்கம்மா. பொம்பள கைதான் சுத்தம்."

அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கெடுத்தது மண்டோர், துடைக்கிறது நானா?

"தொடைக்க மாட்டேன்யா. எப்படின்னு வேணா சொல்றேன்."

என் மகள் ரவாங் டவுனில் போன் கடையில் வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டு வைத்திருந்தேன். மண்டோர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"மொதல்ல டேப்ப அணைங்க. குருணைய ஊதுங்க. மூக்குக்கண்ணாடி தொடைக்கிற மெத்துத் துணி வாங்குங்க. தண்ணில லேசா நனச்சு, சொட்டாம புழிஞ்சு, அழுத்தாம தொடைங்க. டேப்பு மேல எதையும் ஊத்தாதீங்க. பெட்ரோல், தின்னர், சோப்புத்தூள் எதுவும் வேணாம். காஞ்ச பெறகு தொறங்க."

புது டேப் வந்தது. மண்டோர்தான் துடைக்கிறார். துணி அவர் சட்டைப் பையில் இருக்கிறது. என் முறை வந்தால் டேப்பை நீட்டுவார், பேசமாட்டார். நானும் பேசுவதில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களிடமும்தான்.