நான் அடிக்காமல் விட்ட வரி

ஜெராக்ஸ் மெஷின் சூடேறினால் ஒரு வாசனை வரும். அதோடு புதுப்புளி வாசனையும் சேர்ந்து வந்தால், பச்சையம்மா அக்கா கடைக்குள் வந்துவிட்டார் என்று அர்த்தம்...

செங்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டர். என் முதல் வேலை. வயசு இருபத்து மூணு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காலேஜ் ப்ராஜெக்ட் என்று எது வந்தாலும் அடிப்பேன். கதை கொண்டுவந்தது அக்கா ஒருத்தர்தான்.

அவருக்கு நாற்பது இருக்கும். நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் மலையில் வீடு. ஜீப்பில் பாதி வழி, பஸ்ஸில் மீதி வழி வந்து சந்தையில் புளியை இறக்குவார். அப்புறம் காலிக் கூடையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து என் டேபிளில் வைப்பார்.

அதில் இருப்பது... எப்படிச் சொல்வேன்... பஸ் ஸ்டாண்ட் கடையில் வாரப் பத்திரிகைகளுக்குப் பின்னால், பிரித்துப் பார்க்க முடியாதபடி பின் அடித்துத் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரிக் கதை. சென்னையில் ஒரு பதிப்பாளர் போடுவார். ஆசிரியர் பெயர் அவர் இஷ்டத்துக்கு வைத்த ஏதோ ஒரு பெண் பெயர். இதையெல்லாம் ஆண்கள்தான் பெண் பெயரில் எழுதுவார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் நோட்டைப் பிரித்ததும் எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அக்கா சிரித்தார்.

"இன்னாம்மா, மூஞ்சி இப்டி ஆய்டுச்சு? எங்கூர்ல கல்யாணத்துல பொண்ணு வூட்டுப் பொம்பளைங்க மாப்ள வூட்டாரை எதிர்ல வச்சிகினு பச்ச பச்சையா பாடுவாங்க பாரு... இது அதுல கால்வாசி கூட இல்ல. மாமனாரே எதிர்ல குந்திகினு சிரிப்பாரு. பாடுனா சிரிப்பு, எழுதுனா மட்டும் அசிங்கமா?"

யோசித்துப் பார்த்தேன். ப்ளஸ் டூவில் தலைவியின் மார்பும் இடையும் வரும் செய்யுளை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவள்தான் நானும். கோயில் தூணில் எல்லாமே செதுக்கியிருக்கிறது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித்தான் சாமி கும்பிடப் போகிறோம். செய்யுளாகவும் கல்லாகவும் இருந்தால் தப்பில்லை. மலையிலிருந்து வந்து புளி விற்கும் ஒரு பெண் உரைநடையில் எழுதினால்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது.

அக்காவின் கதைகளில் சேலை அவிழ்வதே அபூர்வம். ஒரு கதை இன்னும் ஞாபகம் இருக்கிறது. மழை நாள் மத்தியானம், புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கிறார்கள். இரண்டு பேர் கையும் பிசுபிசு. அவள் முடி முகத்தில் விழுகிறது, கையால் ஒதுக்க முடியவில்லை. அவன் முழங்கையால் ஒதுக்கிவிடுகிறான். அவ்வளவுதான்... மூணு பக்கம் வேறொன்றும் நடக்காது. எனக்கோ ஃபேனுக்கு அடியிலேயே வேர்த்துவிட்டது.

"எப்படிக்கா இப்படி?" என்றேன்.

"உடனே குட்த்துட்டா படிக்கிறவனுக்கு இன்னா இருக்குது? காக்க வைக்கணும்."

அந்தக் கதையின் முடிவில், எல்லாம் ஆனபிறகு, புருஷன் திரும்பிப் படுக்கப் போகிறான். அவள் அவன் கையைப் பிடிக்கிறாள். 'இரு. எனக்கு இன்னும் போதல' என்கிறாள்.

அதுவரை மெஷின் மாதிரி அடித்த விரல் அங்கே நின்றுவிட்டது. உடம்பைப் பற்றி இருந்ததையெல்லாம் அடித்துவிட்டேன்... ஒரு பெண் வாயைத் திறந்து கேட்பதை மட்டும் அடிக்க முடியவில்லை. விட்டுவிட்டேன். அவன் தூங்கிப்போவதோடு கதையை முடித்தேன். அக்காவின் மானத்தைக் காப்பாற்றுவதாக ஒரு நினைப்பு வேறு!

அன்றைக்குப் பார்த்து அக்காவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ப்ரூஃப் பார்க்காமலேயே கொரியரில் அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாசம் புத்தகத்தோடு வந்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து என் முன்னால் போட்டார்.

"எங்கடி அந்த வரி?"

"அக்கா... உங்கள யாராச்சும் தப்பா நெனப்பாங்கன்னு..."

"எம்பேரு அதுல எங்க இருக்குது? நீ காப்பாத்துனது என்னியா, உன்னியா?"

அக்காவின் குரல் உடைந்துவிட்டது.

"பொம்பளைய தலையிலேர்ந்து கால் வரைக்கும் எழுதுறானுங்க. அவளுக்கு இன்னா வேணும்னு ஒருத்தனும் கேக்கறதில்ல. நான் அவளையே கேக்க வச்சேன். நீ அவ வாயப் பொத்திட்ட. அந்த ஒரு வரிக்காகத்தான்டி மீதி முப்பது பக்கமும் எழுதுனேன்."

அதோடு சரி. அக்கா எங்கள் கடைப் பக்கம் வரவே இல்லை. கொஞ்ச நாள் சந்தைக்குப் போய்த் தேடினேன். ஆளைப் பார்க்கவே முடியவில்லை.

இப்போது பின் அடித்த புத்தகமும் இல்லை, ஒளித்து வைக்கிற வேலையும் இல்லை. போனைத் திறந்தால் ஆயிரம் கதை. ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறேன், நிறையப் படித்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அவசரம். பெண்ணின் உடம்பை அளந்து அளந்து எழுதுகிறார்கள். பாவம், அவளுக்கு ஒரு வார்த்தை பேச வாய்ப்பில்லை...

எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு மத்தியானம். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து சட்டையை எடுத்தார். என்ன தைரியமோ தெரியவில்லை, கையைப் பிடித்து, "இருங்க... எனக்கு இன்னும் போதல" என்றேன்.

சட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை.

"இத்தினி வருஷமா ஏன் சொல்லல?" என்றார்.

எனக்கு அழுகைதான் வந்தது. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த எத்தனை வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இருந்ததோ... அந்த வரியை நான் விட்டுவிட்டதால், சொல்லத்தான் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.