இரண்டு வருடம் நிரப்பாத அங்கத்துவப் படிவம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தோம். வாரம் முழுக்கத் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் நான் விமானி. மார்க்கம் நகருக்கு வடக்கே இருந்த ஒரு சின்ன ஓடுபாதையில் ஓட்டப் பழகி, உரிமமும் எடுத்திருந்தேன். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய பழைய விமானம், மணிக்கணக்குக்கு வாடகைக்குக் கிடைக்கும். அதுதான் என் ஒரே ஆடம்பரம்.

அந்த ஆடம்பரத்தைக் கெடுக்கவென்றே ஒருவன் அங்கே இருந்தான். மட்டக்களப்புத் தம்பி, என்னைவிடப் பத்து வயது இளமை. வாரநாளில் டாக்சி ஓட்டுவான், சனிக்கிழமையில் பறப்பான். தனியார் விமானிகள் சங்கத்துக்கு எங்கள் பகுதிப் பிரதிநிதியும் அவன்தான். நான் காரை நிறுத்தும் முன்பே படிவத்தோடு வந்து நிற்பான்.

“அண்ணன், இண்டைக்காவது சேருங்க. ஐரோப்பாவில சங்கம் கத்தாட்டி எங்களப் போல சின்ன ஆக்கள விமான மைதானத்துப் பக்கமே விடாங்களாம்.”

“தம்பி, நான் ஐரோப்பாவிலயே இருக்கிறன்?”

எனக்குச் சங்கம் என்ற சொல்லே ஒவ்வாது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் சபை என்று எல்லாவற்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். ஆறு மாதத்தில் இரண்டாக உடையும். பிறகு ஒரே நாளில் இரண்டு மண்டபத்தில் இரண்டு கலைவிழா. இந்தத் தொல்லை இல்லாத ஓரிடம் வானம் என்று நினைத்து ஏறினால், அங்கேயும் ஒருவன் தலைவர், செயலாளர் என்று கதைக்கிறான்! படிவத்தை வாங்கமாட்டேன் என்றதும் சங்கத்தின் மாதாந்தச் செய்தித் தாளை என் கார்க் கண்ணாடியில் செருகத் தொடங்கினான். நான் பிரித்தும் பார்க்கவில்லை. என் மனைவி அதைச் சப்பாத்துத் தட்டில் விரித்துவிடுவாள்.

அந்தக் கோடையின் கடைசியில், இரண்டு வருடம் மறுத்துக்கொண்டிருந்த மனைவி ஒருவழியாக என்னோடு பறக்கச் சம்மதித்தாள். தெளிவான காலை. ஏரிக்கரை முழுவதும் ஒரே பார்வையில் தெரியட்டும் என்று தெற்கே திருப்பி உயரம் ஏற்றினேன். மடியில் வரைபடம் இருந்தது. அதன்படி இன்னும் கொஞ்சம் ஏறலாம்.

“இஞ்சாருங்கோ, உது என்ன, உவ்வளவு கிட்ட?” என்றாள் மனைவி.

திரும்பிப் பார்த்தேன். ஒரு பெரிய பயணிகள் விமானம் வயிறு தெரியச் சரிந்து திரும்பிக்கொண்டிருந்தது. என்னோடு மோதாமல் இருக்கத்தான் திரும்புகிறது என்று விளங்க ஓரிரு கணம் எடுத்தது. உடனே கீழே இறக்கினேன். நேரே ஓடுபாதைக்குத் திரும்பினேன். இறங்கியதும் அலுவலகத்தில் ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தந்து, “உடனே எடு” என்றார்கள். பெரிய விமான நிலையத்துக்கு உரிய வான்பரப்புக்குள் அனுமதி இல்லாமல் புகுந்திருக்கிறேன்!

இரண்டு வாரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. உரிமம் போய்விடும் என்ற பயத்தில் எனக்கு வந்த முதல் யோசனை சங்கம். சங்கத்துக்குச் சட்டத்தரணி உண்டு என்று தம்பி நூறு தரம் சொல்லியிருந்தானே. கோப்பிக் கடைக்கு அவனை வரச்சொல்லி, இரண்டு வருடம் தொடாத படிவத்தைப் பத்து நிமிடத்தில் நிரப்பினேன். மனைவியும் பக்கத்தில் இருந்தாள்.

தம்பி தலையைச் சொறிந்தான். “அண்ணன், சேர முதல் நடந்த பிரச்சினைக்குச் சங்கத்துச் சட்டத்தரணி வரமாட்டார். அது விதி.”

“பின்னை என்ன கோதாரிக்கு உந்தச் சங்கம்?” என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபப்படவில்லை. படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு, “சங்கத்தப் பிறகு பாப்பம். என்ன எழுதப் போறீங்க?” என்றான்.

“உயரம் காட்டுற கருவி பிழை எண்டு எழுதப் போறன்.”

“கருவி பிழையா?”

நான் கோப்பியைக் கலக்கினேன்.

“அந்த விமானத்தத்தான் நானும் எடுக்கிறனான். சரியான கருவியப் பிழை எண்டு எழுதினா, மறுகா உண்மையாப் பழுதாகிற நாளில எங்கட சொல்ல ஆரு நம்புவாங்க?”

பிறகு என் வரைபடத்தைக் கேட்டான். விரித்துப் பார்த்தவன் ஒரு மூலையைச் சுட்டினான். பழைய பதிப்பு. அந்தப் பகுதியில் நாங்கள் பறக்கக்கூடிய உயரத்தை வசந்தத்திலேயே குறைத்துவிட்டார்கள். “தாளில பெருசாப் போட்டிருந்தம், அண்ணன்.”

“உங்கட தாள் சப்பாத்துக்குக் கீழ கிடக்கு, தம்பி,” என்றாள் மனைவி. எனக்கு அவளைப் பார்க்கவே எரிச்சல். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதால் இன்னும் எரிச்சல்.

பழைய வரைபடத்தை நம்பிப் பறந்தேன், பிழை என்னுடையது என்று எழுதினேன். விசாரணைக்குக் கூப்பிட்ட நாள் தம்பி டாக்சியை விட்டுவிட்டு என்னோடு வந்தான். உள்ளே அவன் வாயே திறக்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்தான், அவ்வளவுதான். நான் இரண்டு தரம் தடுமாறியபோதும் அவன் அங்கே இருந்தது உதவியது. முடிவில் உரிமத்தை ஒரு மாதம் நிறுத்தினார்கள். வான்பரப்புச் சட்டப் பரீட்சையை மறுபடி எழுதச் சொன்னார்கள். பறிக்கவில்லை.

வெளியே வந்து, “படிவத்தைத் தாரும், இப்பவே கையெழுத்து வைக்கிறன்,” என்றேன்.

“வேணாம் அண்ணன். நன்றிக்காகச் சேராதீங்க. தாள வாசிச்சுப் பாருங்க. பிடிச்சாச் சேருங்க.”

இரண்டு வருடம் என்னைக் கலைத்துக் கலைத்துப் பின்னால் வந்து கேட்டவன், நான் கேட்கும்போது மாட்டேன் என்கிறான்! காரில் வீடு வரும்வரை மனதுக்குள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த ஒரு மாதம் தரையில் இருந்தபடி பழைய தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். எந்த ஓடுபாதையை மூடப் பார்க்கிறார்கள், எங்கே புதுக் கோபுரம் எழும்புகிறது, யார் என்ன பிழை விட்டார்கள் என்று பெயர் போடாமல் எழுதியிருந்தார்கள். பிறகுதான் சேர்ந்தேன். கூட்டங்களில் மைக்குக்கு இங்கேயும் அடிபாடுதான்; பாதியில் எழும்பி வந்த நாட்களும் உண்டு. என்றாலும் அங்கத்துவத்தை விடவில்லை.

அன்று சரிந்து திரும்பிய அந்த விமானத்துக்குள் இருந்த ஒருவருக்கும் என்னைத் தெரியாது. வானத்தில் என்னைத் தவிர யாருமில்லை என்று நினைத்துப் பறந்த அந்தச் சின்ன விமானத்து மனுசன் மேல் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தீரவில்லை.